அலுமினியத்துக்குள் ஆட்டுத்தோல்

சென்னை பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஹண்டருக்குப் புகைப்படத்தில் பெரும் ஈடுபாடு. 1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. தன் பள்ளியிலும் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து அதே பள்ளியின் பொறுப்புக்கு வந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர். 1898-இல் அவர் அங்கே அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1903-இல் குரோமிய உப்பால் தோல் பதனிடும் சோதனைகளையும் ஆரம்பித்தார்.

கேமரா, அலுமினியம், குரோம் தோல் மூன்றும் இந்த ஊருக்குள் வேர்விட்ட வரலாற்றில் ஒரே வளாகம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே கேமராவுக்கென்று அளவெடுத்து, வெளியே உலோகமும் உள்ளே தோலுமாக ஒரு பெட்டி செய்துகொள்ள ஆசைப்படும் சென்னைக்காரருக்கு வேண்டிய பொருளும் கைவேலையும் அறிவியலும் இந்த ஊரிலேயே கிடைக்கும். அந்த ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. மயிலாப்பூர் வீட்டுப் பரண்களிலிருந்து தாத்தாவின் யாஷிகாவும் அக்ஃபா கிளிக்கும் இறங்கி வருகின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றில் ஃபிலிம் போட்டுப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் பெட்டி செய்வதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது தண்ணீர்க் கணக்கு.

முதலில் தகடு. அலுமினியம் மலிவானதே 1886-க்குப் பிறகுதான். அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே, ஒரே ஆண்டில், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை நகைக்கடைப் பொருளாக இருந்த உலோகம் பன்னிரண்டே ஆண்டுகளில் மெட்ராஸ் கலைப்பள்ளியின் பட்டறைக்கு வந்துவிட்டது. தகடு கப்பலில் வந்தது. கேரளத்தின் ஆலுவாவில் 1943-இல் உருக்காலை தொடங்கும்வரை இந்தியாவில் அலுமினியம் உற்பத்தியே கிடையாது. நம் மேட்டூருக்கு அது வந்தது 1960-களில். ஆனால் தகட்டை வளைத்து, ஒடுக்கெடுத்து, உருவாக்கும் கை ஏற்கெனவே இங்கே இருந்தது. செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய அந்தக் கையை நம்பித்தான் சாட்டர்டன் இறங்கினார். தொழில் லாபம் தரும் என்று காட்டியபின், 1903-இல் அது தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று தி.நகர் பாத்திரக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அலுமினிய அடுக்குகளுக்கும் இட்லிக் குண்டான்களுக்கும் பின்னால் அந்தப் பட்டறை இருக்கிறது.

கேமராப் பெட்டிக்கு ஏன் அலுமினியம்? எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உள்ளளவு 20 செ.மீ. நீளம், 15 அகலம், 12 உயரம் கொண்ட பெட்டிக்கு ஆறு பக்கமும் சேர்ந்து 1,440 சதுர செ.மீ. தகடு வேண்டும். 1.2 மி.மீ. கனமுள்ள அலுமினியத்தில் அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே கனத்தில் பித்தளை என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இரும்புத் தகடு ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். உள்ளே கேமராவும் லென்சும் ஏறியபிறகு தோளில் மாட்டிக்கொண்டு கபாலி கோயில் அறுபத்துமூவர் கூட்டத்தில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எந்த அலுமினியம் என்பதும் முக்கியம். கடையில் ‘ஷீட்’ என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மெக்னீசியம் கலந்த 5052 என்ற ரகம் கடல்காற்றைத் தாங்கும், வளைத்தால் விரிசல் விடாது. வலுவானது என்று பெயர்பெற்ற 6061 ரகத்தைக் கெட்டிப்படுத்திய நிலையில் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் விடும். மெரினாவிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் கடலோரத்தில் வசிப்பவர்கள் ரகத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பங்கே தடிமன் கொண்ட ஆக்சைடு படலம் உருவாகிறது. உலோகத்தைக் காப்பது அந்தப் படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு அதைப் புள்ளிபுள்ளியாகத் துளைக்கும். அனோடைசிங் செய்தால் படலத்தின் தடிமன் ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடும்.

1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் தகடு வெட்டவும் மடிக்கவும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே அளவு எழுதிய தாளை நீட்டினால், வேலை தெரிந்தவர் முதலில் கேட்கும் கேள்வி: “மடிப்புக்குக் கழிச்சிருக்கீங்களா சார்?” தகட்டை மடிக்கும்போது மடிப்பின் உள்முகம் நசுங்குகிறது, வெளிமுகம் நீள்கிறது; நடுவில் ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்தக் கோடு தகட்டின் சரிபாதியில் இல்லை, உள்முகத்தை ஒட்டிக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 1.5 மி.மீ. தகட்டை அதே அளவு உள்வளைவு விட்டுச் செங்கோணமாக மடித்தால், அந்த வளைவு தின்னும் தகடு ஏறக்குறைய 3.3 மி.மீ. இதைக் கழிக்காமல் வெளியளவுகளை அப்படியே கூட்டி வெட்டினால் ஒவ்வொரு மடிப்புக்கும் பெட்டி சில மில்லிமீட்டர் பெருத்துவிடும். மூடி உட்காராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி தோல்.

சர்தார் பட்டேல் சாலையில், அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு நடந்து போகும் தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952-இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கொலாஜன் மாதிரிகளுக்காக அவர் நாடிய இடங்களில் பக்கத்திலிருந்த தோல் நிலையமும் ஒன்று. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் தெளிவாக வந்தன. 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட விடை: கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய சுருள். மூன்று புரி கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருங்க முடிகிறது. உலகம் இந்த மாதிரியை ‘மெட்ராஸ் ஹெலிக்ஸ்’ என்றே குறிப்பிட்டது. தோல் என்றால் பெரும்பாலும் கொலாஜன்தான். நம் கேமராப் பெட்டியின் உள்பக்கம் என்ன பொருளால் ஆனது என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் அடையாற்றங்கரையில் இருந்தார்கள். இந்த நகரம் அதை இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தச் சுருளின் இடைவெளிகளிலும், சுருள்கள் சேர்ந்த நார்களின் நடுவிலும் தண்ணீர் இருக்கிறது. பச்சைத் தோலைக் காயவைத்தால் தண்ணீர் வெளியேறி நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். ஈரம் பட்டால் மறுபடி நெகிழும். மிருதங்கத்தின் வாரும் மூட்டும் இப்படிப் பதனிடாத தோல்தான். மார்கழியில் ஏசி அரங்குக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே மிருதங்கத்தின் சுருதி நகர்வது அந்த நார்கள் தண்ணீரை வாங்கியும் விட்டும் செய்யும் வேலை. பதனிடுதல் என்பது நார்களுக்கு நடுவே வேறொரு பொருளை நிரந்தரமாகக் குடியேற்றி, அவை ஒட்டாமலும் அழுகாமலும் செய்வது. தண்ணீரை வாங்கி விடும் குணம் அதனால் போவதில்லை. இந்தக் கட்டுரையின் மையமே இந்த ஒன்றுதான்.

நம் பக்கத்தின் பழைய முறை ஆவாரம்பட்டை. பட்டையிலுள்ள டானின் கொலாஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது; கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைத்து நிறம் ஏற்றுவார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் இப்படிப் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் மெட்ராஸ் துறைமுகம் வழியாக ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டனுக்குப் போயின. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தோலுக்கு ஒரு சோதனையும் வந்தது. லண்டன் நூலகங்களில் புத்தக அட்டைகள் செந்தூளாக உதிரத் தொடங்கியபோது, சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. 1905-இல் முழு அறிக்கை வந்தது. ஆவாரம்பட்டை போன்றவற்றிலுள்ள டானின் வகை, நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் வரும் கந்தக அமிலத்தை எளிதில் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த அமிலம் கொலாஜனையே அறுத்துவிடுகிறது என்பது தெரியவந்தது. செருப்புக்கும் சேணத்துக்கும் குறை சொல்ல முடியாத தோல், நூறாண்டு அலமாரியில் நிற்க வேண்டிய புத்தகத்துக்கு உதவவில்லை. பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த அறிக்கையை மறக்கக் கூடாது. எத்தனை ஆண்டு, எந்தக் காற்றில், எதைத் தொட்டுக்கொண்டு இருக்கப் போகிறது என்று கேட்காமல் ‘நல்ல தோல்’ என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

குரோமியம் வேறு விதமாகப் பிடிக்கிறது. கொலாஜன் இழையில் அமிலத் தன்மையுள்ள கிளைகள் இருக்கின்றன. குரோமிய அயனிகள் அவற்றை நேரடியாகப் பற்றிக்கொள்கின்றன. பிணைப்பு எவ்வளவு உறுதி என்பதைத் தோலைச் சூடான நீரில் போட்டே அறியலாம். பச்சைத் தோல் சுமார் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கும். பட்டைத் தோல் 70-க்கும் 85-க்கும் இடையே. நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். கடையில் வாங்கிய தோல் எது என்று சந்தேகம் வந்தால் விரல்நகம் அளவு துண்டை வெட்டி, இரண்டு நிமிடம் கொதிக்கும் நீரில் போடுங்கள். சுருண்டு விறைத்தால் பட்டைத் தோல். அப்படியே கிடந்தால் குரோம். எரித்துப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். எரியும்போது தீங்கில்லாத குரோமியம் தீங்கான வகையாக மாறக்கூடும்.

சாட்டர்டன் குரோம் தோலில் இறங்கியதற்குக் காரணம் கவலை ஏற்றம். கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைக்கும் தோல் சால், பட்டைத் தோலாக இருந்தால் நாள் முழுக்க நீரில் ஊறிச் சீக்கிரம் கெட்டுவிடும். குரோம் தோல் சால் நீண்ட நாள் வந்தது. பிறகு அந்தத் தொழிற்சாலை செம்பியத்துக்குப் போனது. அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று லண்டன் உத்தரவிட்டதும் 1910-இல் ரேவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. அந்தத் தொழிலின் பெரும் விளைச்சலும் பெரும் காயமும் பின்னாளில் பாலாற்றங்கரையில் தெரிந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அதில்தான். ஒரு சதுர அடி தோலை வாங்கும்போது அந்த ஆற்றையும் நினைக்கத்தான் வேண்டும். ஆகவே தேவைக்கு மேல் தோலைப் போடாதீர்கள். கேமராவுக்கும் அதுவே நல்லது. ஏன் என்பதற்குத்தான் அந்தத் தண்ணீர்க் கணக்கு.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை நேர ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு. நம் பெட்டியின் உள்ளே இடம் 3.6 லிட்டர். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், அந்த இடத்துக் காற்றில் இருக்கும் மொத்த நீராவி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது ஆறு பக்கமும் ஒரு மி.மீ. கனத் தோல் ஒட்டுங்கள். அதன் எடை ஏறக்குறைய 100 கிராம். அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும்போது தோல் தன் எடையில் ஏறக்குறைய 18 விழுக்காடு தண்ணீரை வைத்திருக்கும். அதாவது 18 கிராம். காற்றிலிருப்பதைப்போல ஏறக்குறைய இருநூறு மடங்கு.

மூடியை இறுக மூடியதும் உள்ளேயிருக்கும் ஈரப்பதத்தை ஆளப்போவது அந்த 18 கிராம்தான். நாம் போடும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் காற்றை அரை மணியில் உலர்த்திவிடும்; உடனே தோல் தன் கையிருப்பிலிருந்து மறுபடி ஈரம் விடும். உள்ளே 45 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டுமென்றால் தோலிலிருந்து சுமார் 7 கிராம் நீரை எடுத்தாக வேண்டும். அந்த வறட்சியில் சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரையே பிடிக்கும். ஆக 35 கிராம் வேண்டும். மாத்திரைப் புட்டியில் வரும் ஒரு கிராம் பொட்டலங்களால் ஆகும் காரியம் இல்லை. தோலின் கனத்தை அரை மி.மீ. ஆக்கினால் எல்லாக் கணக்கும் பாதியாகும். அதனால்தான் மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது செம்மறித்தோல் லைனிங் போதும் என்கிறேன்.

லென்சில் பூஞ்சை வளரப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. 65, 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று, தின்னக் கொஞ்சம் தூசியும் எண்ணெய்ப் பசையும் போதும். தோலும் அதில் ஊட்டிய எண்ணெயும் பூஞ்சைக்கு உணவு. வித்துகள் தோலில் முளைத்துக் கண்ணாடிக்குப் போகின்றன. அங்கே அவை விடும் அமிலம் லென்சின் மேற்பூச்சை அரிக்கிறது. சிலந்தி வலை போன்ற அந்த இழைகளைத் துடைத்துவிடலாம். அரித்த தடம் போகாது.

வெயிலில் நிற்கும் காரில் பெட்டி இருந்தால் உள்ளே உலர்ந்துவிடும் என்று தோன்றும். வெறும் பெட்டிக்கு அது சரி. சூடு ஏறினால் ஈரப்பதம் இறங்கும். உள்ளே மரமோ தோலோ இருந்தால் நடப்பது வேறு. லண்டன் நேஷனல் கேலரியில் பணியாற்றிய கேரி தாம்சன், மரம் வைத்த மூடிய காட்சிப் பெட்டிகளைப் பற்றி 1964-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பொருள் போதிய அளவு இருந்தால், சூடு ஏறும்போது அது ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரப்பதம் இறங்காது, சற்று ஏறவும் செய்யும். நம் பெட்டியில் 3.6 லிட்டருக்கு 100 கிராம் தோல் என்பது தாராளமான அளவு.

அதைவிட மோசமான இடம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. வெளியே 33 டிகிரி. பெட்டியும் தோலும் அதே சூட்டில், உள்ளே 80 விழுக்காடு ஈரம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, 29 டிகிரி. இப்போது பெட்டியை 24 டிகிரி ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். அலுமினியம் வெப்பத்தைத் தோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். ஆகவே தகடு சில நிமிடங்களில் குளிர்ந்து 29-க்குக் கீழே போய்விடுகிறது. தோல் இன்னும் சூடாக இருக்கிறது. நீராவி சூடான தோலிலிருந்து குளிர்ந்த தகட்டை நோக்கி நகர்ந்து, தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில், யாரும் பார்க்காத இடத்தில், தண்ணீராகிறது. பதனிட்ட தோல் அமிலத் தன்மை உடையது. அதன் பிஹெச் அளவு பெரும்பாலும் 3.5-க்கு மேலே, 4-ஐ ஒட்டி நிற்கும். அலுமினியத்தின் காப்புப் படலம் கரையத் தொடங்குவதும் 4-க்குக் கீழே. பளபளவென்று இருந்த பெட்டியின் லைனிங்கைச் சில ஆண்டுகள் கழித்து உரித்தால் பின்னால் வெள்ளைப் பொடி பூத்திருப்பது இதனால். பித்தளைப் பூட்டும் பித்தளை ரிவெட்டும் போட்டிருந்தால் கேடு இரட்டிப்பு. தோலின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் பூக்கும். ஈரத்தில் பித்தளையைத் தொடும் அலுமினியம் மின்கலத்தின் எதிர்முனையாகி அரியும்.

பழைய காலத்தார் இந்த ஊர்க் காற்றை அறிந்திருந்தார்கள். இந்தியாவுக்கென்று இங்கிலாந்தில் செய்த ‘டிராபிகல்’ கேமராக்களை வெளியே தோல் ஒட்டாமல், தேக்கும் பித்தளையுமாகச் செய்தார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய ஃபிலிமைக் காற்றுப் புகாத தகரத்தில் அடைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு தோல் லைனிங் வேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் முடிவு. கேமராவின் உலோக முனை உரசினால் தோல் விட்டுக்கொடுக்கும். நூல் பிரிந்து லென்சில் விழாது. கையால் தொட்டுப் பழகும் பொருளுக்கு ஒரு கௌரவம் தரும். ஆனால் அதைத் தகட்டில் ஒட்டக் கூடாது. பெட்டி தனி, உள்சட்டை தனி என்று இரண்டாகச் செய்ய வேண்டும்.

தகட்டு வேலை எல்லாம், துளை போடுவது உட்பட, முடிந்தபிறகு அனோடைசிங். அலுமினிய ரிவெட். உள்சட்டைக்கு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஒரு தட்டு. அதன் மேல் பாலிஎத்திலீன் அல்லது ஈவிஏ ஃபோம். அதன் மேல் அரை மி.மீ. குரோம் ஆட்டுத்தோல். சாதாரண பஞ்சு ஃபோம் வேண்டாம். பாலியூரித்தேனில் ஒரு வகை இந்த ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளில் நீராற்பகுப்பு அடைந்து பிசின்போல ஒழுகும். பழைய கேமரா பைகளைத் திறந்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பிசுபிசுப்பு தெரிந்திருக்கும். தோலை ஃபோமில் ஒட்ட ரப்பர் சொல்யூஷன் போதும், ஆனால் கரைப்பான் வாடை முழுக்கப் போகும்வரை ஒரு வாரமாவது காற்றாட விட வேண்டும். காடி வாடை வரும் சிலிக்கோன் பசையைப் பெட்டிக்குள் எங்கும் தொடக் கூடாது. அது உலரும்போது விடுவது அசிட்டிக் அமிலம். தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு மி.மீ. இடைவெளி, அடியில் துளையிட்ட அறை, அதில் நாற்பது ஐம்பது கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். உள்சட்டையை வாரம் ஒருமுறை தூக்கி வெளியே வைத்தால் தகடும் உலரும், தோலும் மூச்சு விடும்.

பெட்டியின் வெளிநிறத்துக்கு வெள்ளையே சிறந்தது. மெருகேற்றிய அலுமினியம் வெயிலில் கொஞ்சமே வெப்பம் வாங்கினாலும், வாங்கியதைக் கதிர்வீச்சாக விடும் திறன் அதற்கு மிகக் குறைவு. வெள்ளை வண்ணம் குறைவாக வாங்கும், நிறைய விடும்.

பெட்டி தூக்கிப் போவதற்கு. வீட்டில் கேமரா இருக்க வேண்டிய இடம் வேறு: ஈரமானி வைத்த, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவோ உலர் அலமாரியோ, 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில். ஏசி அறையிலிருந்து நேரே மொட்டை மாடிக்குக் கேமராவை எடுத்துப் போகாதீர்கள். 34 டிகிரி, 60 விழுக்காடு ஈரமுள்ள சாதாரண மாலைக் காற்றின் பனிநிலையே 25 டிகிரி. 23 டிகிரியில் குளிர்ந்த லென்ஸ் உடனே வியர்க்கும். பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, சூடேறும்வரை அரை மணி பொறுங்கள்.

புதிதாகப் பெட்டி செய்கிறவர்கள் கொஞ்சம்பேர்தான். ஆனால் தோல் உறையோடு பூட்டிய பழைய கேமரா இந்த ஊரில் எத்தனையோ பீரோக்களில் கிடக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். கேமராவை வெளியே எடுத்து லென்ஸ் வழியாக ஒரு விளக்கைப் பாருங்கள். இழை தெரிந்தால் தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உறையை நிழலில் காயவைத்துத் தனியே வையுங்கள். இரண்டையும் மறுபடி ஒன்றாக மூடி வைக்காதீர்கள்.